பைத்தான் டிஃபால்ட்டிக்ட்: பல வருடம் பயன்படுத்திய பிறகு

பைத்தானில் டேட்டா வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் கீஎரரைப் பார்த்திருப்பீர்கள். டிக்‌ஷனரியில் (ஒவ்வொரு கீக்கும், அதாவது பெயருக்கும், ஒரு மதிப்பை வைக்கும் அமைப்பு) இல்லாத ஒரு கீயைச் சதுர அடைப்புக்குறி போட்டுக் கேட்டால் அந்த எரரோடு புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். அதைத் தவிர்க்க மொழியிலேயே பல வழிகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் வருடக்கணக்கில் மாற்றி மாற்றிப் பயன்படுத்திவிட்டேன், எதை எங்கே வைக்கலாம் என்பதில் இப்போது எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு.

நான் அதிகம் புழங்கியது டிஃபால்ட்டிக்ட், அதாவது இல்லாத கீயைக் கேட்டால் தானே ஒரு தொடக்க மதிப்பை வைத்துக்கொள்ளும் டிக்‌ஷனரி வகை. 2006இல் வந்த பைத்தான் 2.5இல், கலெக்‌ஷன்ஸ் மாட்யூலில் சேர்ந்தது. மழைமானி நிலையங்களின் தினசரி அளவுகள் ஒரு சிஎஸ்வி கோப்பில் கலந்து கிடக்கின்றன, அவற்றை நிலையவாரியாகப் பிரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண டிக்‌ஷனரி என்றால் ஒவ்வொரு வரிக்கும் இந்த நிலையம் ஏற்கெனவே இருக்கிறதா என்று இஃப் போட்டுப் பார்த்து, இல்லையென்றால் காலி லிஸ்ட் ஒன்றை வைத்து, அப்புறம்தான் அப்பெண்ட், அதாவது அளவை லிஸ்டின் கடைசியில் சேர்ப்பது. டிஃபால்ட்டிக்டை உருவாக்கும்போது லிஸ்ட் என்ற பெயரை மட்டும் கொடுத்தால் போதும், கீ இல்லாதபோது அதுவே லிஸ்டை அழைத்துப் புதிதாக ஒன்றை வைத்துக்கொள்ளும். லூப்புக்குள் ஒரே வரிதான் மிஞ்சும். படிக்கிறவருக்கும் இங்கே பிரிக்கும் வேலை நடக்கிறது என்று பார்த்தவுடனே புரியும். எனக்கு அதுதான் பெரிய லாபம்.

சாதாரண டிக்‌ஷனரியின் செட்டிஃபால்ட் மெத்தடும் இதைச் செய்யும். ஆனால் கீ இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாம் கொடுக்கும் காலி லிஸ்ட் ஒவ்வொரு சுற்றிலும் உருவாகிக்கொண்டே இருக்கும். ஓரிரு இடத்தில் சரி, பெரிய லூப்பில் எனக்கு மனம் ஒப்பவில்லை. வெறும் எண்ணிக்கை என்றால் எண்ணுவதற்கென்றே உள்ள டிக்‌ஷனரி வகையான கவுண்டர்தான், யோசிக்கவே வேண்டாம். பல கீகளுக்கும் ஒரே மதிப்பை வைத்து டிக்‌ஷனரி உருவாக்கும் ஃபிரம்கீஸ் மட்டும் ஜாக்கிரதை: எண்ணோ நன்னோ (None, மதிப்பு எதுவும் இல்லை என்பதைக் குறிப்பது) கொடுத்தால் பிரச்சினை இல்லை, காலி லிஸ்டைக் கொடுத்தால் எல்லாக் கீகளும் அந்த ஒரே லிஸ்டைத்தான் பகிர்ந்துகொள்ளும், ஒரு நிலையத்துக்குச் சேர்த்த மழை எல்லா நிலையத்திலும் பெய்திருக்கும். அந்த இடத்தில் டிக்‌ஷனரி காம்ப்ரிஹென்ஷன் (ஒவ்வொரு கீக்கும் தனி லிஸ்ட் உருவாக்கும் ஒரு வரி லூப்) எழுதுவதே நல்லது.

சரி, டிஃபால்ட்டிக்டின் குறைக்கு வருவோம். சதுர அடைப்புக்குறியில் கீயைச் சும்மா படித்தாலே அது உள்ளே சேர்ந்துவிடும். நிலையத்தின் பெயரை ஓர் எழுத்து பிசகித் தேடினால் எந்த எரரும் வராது, காலி லிஸ்ட் வரும், அதோடு அந்தப் பிழையான பெயர் இனி டிக்‌ஷனரியிலேயே இருக்கும். நீளத்தைக் கேட்டால் ஒன்று கூடியிருக்கும். அந்தக் கீ இருக்கிறதா என்று இன் (in) போட்டுக் கேட்டால் இருக்கிறது என்று சொல்லும். லூப் ஓடிக்கொண்டிருக்கும்போது இது நடந்தால் அளவு மாறிவிட்டது என்று ரன்டைம்எரர் வரும், படிக்க மட்டும்தானே செய்கிறோம் என்று காரணம் தேடி நேரம் போகும். கெட் மெத்தடில் படித்தால் இந்தத் தொல்லை இல்லை, அது புதிதாக எதையும் வைக்காது, நன் தரும். கவுண்டரும் இல்லாத கீக்கு 0 மட்டும் சொல்லும், உள்ளே சேர்க்காது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது டிஃபால்ட் மதிப்பையே தேர்ந்தெடுப்பது. மொத்தத்தைக் கூட்டும்போது 0வில் தொடங்குவது நியாயம். ஆனால் நிலையமும் தேதியும் சேர்ந்த கீக்கு அன்றைய மழையளவை வைக்கும் டிக்‌ஷனரியில் டிஃபால்ட் 0 என்று போட்டால், அளவெடுக்காத நாளெல்லாம் மழையே பெய்யாத நாளாக மாறிவிடும். சராசரி இறங்கும், எந்த எரரும் வராது, வரைபடமும் பார்க்க அழகாகவே இருக்கும். அங்கே கீஎரர் வரட்டும் என்று விட்டுவிடுவதுதான் சரி, அல்லது கெட் போட்டு நன் வந்தால் அந்த நாளைக் கணக்கில் எடுக்காமல் தாண்டிவிடலாம். வசதிக்காக ஒரு பொய்யான 0வை டேட்டாவில் நுழைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை.

அதனால் இப்போது என் பழக்கம் இதுதான்: ஃபங்ஷனுக்குள் டேட்டாவைச் சேர்க்கும்வரை டிஃபால்ட்டிக்ட், வெளியே ரிட்டர்ன் செய்யும்போது டிக்ட் (dict) போட்டுச் சாதாரண டிக்‌ஷனரியாக மாற்றிவிடுவது. வாங்குகிறவர் தப்பான கீ கேட்டால் அவருக்கு உடனே தெரியட்டும். பெரிய டிக்‌ஷனரியை நகலெடுக்க விருப்பமில்லையென்றால் இல்லாத கீக்கு மதிப்பு தரும் அதன் டிஃபால்ட் ஃபேக்டரியை நன் ஆக்கினாலே போதும், அதிலிருந்து கீஎரர் வரத் தொடங்கும். டிஃபால்ட்டிக்டுகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்திருந்தால் இரண்டு வழியும் வெளி அடுக்கை மட்டும்தான் மாற்றும், உள்ளே இருப்பவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். அப்படி அடுக்கும்போது பலரும் லேம்ப்டா (பெயரில்லாத ஒரு வரி ஃபங்ஷன்) எழுதுவார்கள், அதை பிக்கிள் செய்ய (வெளியே அனுப்பத் தகுந்த பைட்டுகளாக மாற்ற) முடியாது, மல்ட்டிபிராசஸிங்கில் இன்னொரு பிராசஸுக்கு அனுப்பும்போது நின்றுவிடும். லேம்ப்டாவுக்குப் பதில் மாட்யூல் மட்டத்தில் பெயரோடு ஒரு ஃபங்ஷன் எழுதினால் தீர்ந்தது.

டிஃபால்ட் ஃபேக்டரிக்குக் கீ எது என்று தெரியாது, அதை எந்த ஆர்க்யுமென்ட்டும் இல்லாமல்தான் பைத்தான் அழைக்கும். நிலைய எண்ணை வைத்து அதன் விவரத்தைக் கோப்பிலிருந்து எடுக்க வேண்டும் என்பது போன்ற தேவைக்கு டிக்டிலிருந்து ஒரு கிளாஸ் எடுத்து மிஸ்ஸிங் மெத்தடை (__missing__, இல்லாத கீயைக் கேட்டால் பைத்தான் அழைப்பது) எழுதிக்கொள்ளுங்கள், அதற்குக் கீ கையில் வரும். திருப்பித் தரும் மதிப்பை உள்ளே சேமிப்பதா வேண்டாமா என்பதையும் அங்கே நீங்களே முடிவு செய்யலாம்.