கிட்ஹப்பில் கமிட் உரிமை: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

கோடை வைத்துப் பலர் சேர்ந்து எழுதும் கிட்ஹப் தளத்தில், உங்கள் மென்பொருள் நூலகம் (லைப்ரரி) தனிநபர் கணக்கில் இருந்தால், கொலாபரேட்டராகச் சேர்ப்பவருக்கு எழுதும் உரிமையும், அதாவது கோடில் மாற்றத்தைப் பதியும் (கமிட்) உரிமையும், சேர்ந்தே போய்விடும். குறைத்துக் கொடுக்க வழியில்லை. எனவே இரண்டாவது ஆள் வருமுன்பே ஆர்கனைசேஷன் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அங்கே ரீட், ட்ரையாஜ், ரைட், மெயின்டெயின், அட்மின் என 5 படிகள். பலரும் கண்டுகொள்ளாத ட்ரையாஜ்தான் இதில் அருமையான படி. இஷ்யூவுக்கு (பிழைப் புகார், கோரிக்கை) லேபிள் ஒட்டலாம், மூடலாம், திறக்கலாம். கோடில் கை வைக்க முடியாது. புதியவரைச் சில மாதம் இங்கே வைத்துப் பாருங்கள்.

ரைட் கொடுத்த பிறகும் மெயின் கிளை (கோடின் முதன்மை வடிவம்) பூட்டியே இருக்கட்டும்: புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) கட்டாயம், குறைந்தது ஓர் ஒப்புதல். புதிய கமிட் வந்தால் பழைய ஒப்புதலை ரத்து செய்யும் தேர்வை நாம்தான் டிக் செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டால், ஒப்புதல் வாங்கிய கையோடு வேறு கோடை நுழைத்து மெயினில் இணைத்துவிடலாம் (மெர்ஜ்).

அதிகம் சறுக்குவது கோட்ஓனர்ஸ் கோப்பில். எந்தக் கோப்பின் மாற்றத்தை யார் ரிவ்யூ செய்ய வேண்டும் என்று வரிவரியாக எழுதும் பட்டியல் அது. பொருந்தும் வரிகளில் கடைசி வரியே செல்லும். கிரிப்டோ ஃபோல்டருக்கு இருவரை மேலே எழுதிவிட்டு, கீழே எல்லாக் கோப்புக்குமாக ஒரு நட்சத்திரக்குறி வரி போட்டால், அந்த இருவரிடம் ரிவ்யூ போகவே போகாது. நட்சத்திர வரி எப்போதும் முதலில் வர வேண்டும். ரைட் உரிமை இல்லாதவர் பெயரை எழுதியும் பயனில்லை. கோட்ஓனர்ஸ் கோப்புக்கே ஓர் உரிமையாளரைப் போட மறக்காதீர்கள்.

விலகியவரை நீக்கும்போதுதான் ஓட்டைகள் தெரியும். அவர் சேர்த்த டிப்ளாய் கீ (ஒரு ரெப்போவை, அதாவது கோட் களஞ்சியத்தை, அணுகத் தரும் சாவி) அவரோடு போகாது. அது ரெப்போவுக்குச் சொந்தம், எழுதும் உரிமை கொடுத்திருந்தால் அதோடு அப்படியே உயிரோடு இருக்கும். செட்டிங்ஸில் தேடிப் பிடித்து அழியுங்கள். என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட்), பைபிஐ (பைதான்) ஆகிய தொகுப்புக் கிடங்குகளின் வெளியீட்டு உரிமையும் தனி. அங்கேயும் போய் நீக்க வேண்டும்.

வெளியீட்டு உரிமையை நாங்கள் கமிட் உரிமையைவிடக் கடுமையாகப் பார்க்கிறோம். 2024இல் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் வைத்தவர், நெடுநாள் பங்களித்து நம்பிக்கை பெற்ற பராமரிப்பாளர். பின்வாசலை இயக்கிவிடும் பில்ட் வரிகள் கிட் ரெப்போவில் இல்லை, வெளியிட்ட டார்பாலில் (மூலக் கோடை ஒரே கோப்பாகக் கட்டிய தொகுப்பு) மட்டும் இருந்தன. கிளையை எவ்வளவு பூட்டியிருந்தாலும் அது கண்ணில் பட்டிருக்காது. அதனால் டார்பாலை எவர் மடிக்கணினியிலும் கட்டவிடாதீர்கள். டேக் (பதிப்பு எண் குறி) போட்டதும் சிஐ (தானியங்கி பில்ட் அமைப்பு) கட்டட்டும்; பைபிஐக்கு ட்ரஸ்டட் பப்ளிஷிங் (சிஐயையே நம்பி அவ்வப்போது குறுகிய கால அனுமதி தரும் முறை) வைத்தால் நிரந்தர டோக்கன் (ரகசியச் சாவி) யார் கையிலும் இருக்காது. அந்த டேக் போடும் உரிமையை 2 பேருக்கு மட்டும் ரூல்செட்டில் (கிட்ஹப்பின் ரெப்போ விதித் தொகுப்பு) கொடுங்கள்.