பரண், பீரோ, பாக்ஸ் கட்டில், வார்ட்ரோப்: எதில் வைத்தால் எது திரும்பக் கிடைக்கும்?

மடிப்பாக்கத்தில் நாங்கள் வாங்கிய வீடு 860 சதுர அடி. சாவி கைக்கு வந்த மறுநாளே இன்டீரியர்காரர் டேப்போடு வந்துவிட்டார். எந்தச் சுவரை அளந்தாலும் அவருக்கு ஒரே பல்லவிதான்: "மேல வரைக்கும் அடிச்சிடலாம் மேடம், இடம் வேஸ்ட் ஆகக் கூடாது." கதவுக்கு மேலே, கட்டிலுக்குக் கீழே, டிவிக்குப் பின்னால் என்று அவர் காட்டிய இடத்தையெல்லாம் கூட்டினால் எங்கள் வீட்டுச் சாமானைப்போல் இரண்டு பங்கு கொள்ளும்.

பதினான்கு வருஷம் வாடகை வீடுகளில் இருந்து, நான்கு முறை சாமான் ஏற்றி இறக்கியவள் நான். அந்த நான்கு முறையும் ஓர் அட்டைப்பெட்டி பிரிக்கப்படாமலே ஒரு வீட்டுப் பரணிலிருந்து இறங்கி அடுத்த வீட்டுப் பரணில் ஏறியது. உள்ளே என்ன என்று எனக்கும் தெரியாது, என் கணவருக்கும் தெரியாது. அதனால் இன்டீரியர்காரர் போனதும் நான் வேறொரு கணக்குப் போட உட்கார்ந்தேன். எதில் எவ்வளவு கொள்ளும் என்று ஒரு பக்கம். வைத்ததை எடுக்க எத்தனை வேலை, எத்தனை ஆள் என்று இன்னொரு பக்கம்.

கொள்ளளவை மட்டும் பார்த்தால் பரணும் வார்ட்ரோபும்தான் ஜெயிக்கும். 10 அடிச் சுவரில், 7 அடி உயரத்தில் ஆரம்பித்து ஒன்பதரை அடிக் கூரை வரை போகும் 2 அடி ஆழப் பரணில், சிலாப் தடிமன் போக 45 கன அடி. 6 அடி அகலம், 7 அடி உயரம், 2 அடி ஆழ வார்ட்ரோப் வெளி அளவில் 84. ஆறரை அடி உயர, 3 அடி அகல, ஒன்றரை அடி ஆழ பீரோ 29. குயின் சைஸ் கட்டிலின் பத்து அங்குலப் பெட்டி 26.

எடுக்கும் வேலையைப் பார்த்தால் வரிசை மாறிவிடும். வார்ட்ரோபுக்குக் கைப்பிடியை இழுத்தால் போதும். பீரோவுக்குச் சாவி, பிறகு கைப்பிடி. கட்டிலுக்குத் தலையணைகளை இறக்கி, போர்வையை ஒதுக்கி, மெத்தையோடு பலகையைத் தூக்கி, குனிந்து துழாவ வேண்டும். முக்கியமாக, அந்த நேரத்தில் யாரும் அதில் படுத்திருக்கக் கூடாது. பரணுக்கு பால்கனியில் இருக்கும் ஏணி வர வேண்டும், ஏணியைப் பிடிக்க ஓர் ஆள் வர வேண்டும், முன்னால் இருக்கும் இரண்டு பையை இறக்க வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கு இன்னொன்றும் தேவை: ஞாயிற்றுக்கிழமை.

பரண்: தேதி உள்ள பொருளுக்கு

பரணைத் திட்டுவது சுலபம். ஆனால் அதற்கென்றே பிறந்த சாமான்கள் உண்டு. கொலுப் பொம்மையைவிடப் பரணுக்குப் பொருத்தமான பொருள் எது? வருஷத்தில் பத்து நாள் கீழே, மீதி நாளெல்லாம் பழைய வேட்டித் துணி சுற்றி மேலே. மகாளய அமாவாசை வந்தால் இறக்கியே ஆக வேண்டும். படிகள் இறங்கும், மரப்பாச்சி இறங்கும், போன வருஷம் மூக்கு உடைந்த செட்டியார் பொம்மையும் இறங்கும். கார்த்திகை அகல், கிறிஸ்துமஸ் நட்சத்திரம், தீபாவளி முறுக்குக்கான பெரிய இருப்புச் சட்டி, ஊருக்குப் போகும் பெரிய சூட்கேஸ் எல்லாம் இதே ஜாதி. காலண்டரே அவற்றைக் கீழே இறக்கிவிடும்.

சிக்கல் தேதி இல்லாத பொருள்களால்தான். "இருக்கட்டும்டி, என்னைக்காவது உதவும்" என்று அம்மா சொல்லும் அந்த என்றைக்காவதுக்குக் காலண்டரில் கட்டம் கிடையாது. மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி, வாட்டர் ஹீட்டர் வந்த தெர்மாகோல், கைப்பிடி உடைந்த குக்கர். வாரன்ட்டிக்குப் பெட்டி வேண்டும் என்பார்கள். கடைக்காரர் கேட்பது பில்லைத்தான், அது பெரும்பாலும் பரணில் இருக்காது.

பரணுக்குக் கதவு போடுவதா வேண்டாமா என்பது தனி வழக்கு. கதவு போட்டால் அறை பார்க்க அழகாக இருக்கும், தூசி குறையும். போடாவிட்டால் மேலே கிடக்கும் குப்பை தினமும் கண்ணை உறுத்தும், உறுத்தினால்தான் ஒருநாள் இறங்கும். நான் கதவு போட்டேன், அழகுக்காகத்தான். அதற்குப் பிராயச்சித்தமாகக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டி, மேலே போகும் ஒவ்வொன்றையும் எழுதுகிறேன்.

சென்னைக்காரர்கள் பரணுக்கு நன்றி சொல்ல வேறு காரணம் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தரைத்தள வீடுகளில் நனையாமல் தப்பியது பரணில் இருந்தவைதான். வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருக்கும் என் தோழி பத்திரம், சான்றிதழ் எல்லாவற்றையும் இன்றும் பரணில்தான் வைத்திருக்கிறாள். அவளிடம் போய் ஏணி, ஆள் என்று எடுக்கும் வேலைக் கணக்குச் சொல்ல எனக்கு வாய் வராது. கடைசி மாடியில் இருப்பவர்களுக்கு நிலைமை நேர்மாறு. மொட்டைமாடி வெயில் சிலாப் வழியாக இறங்கி பரண் அடுப்பாகிவிடும், போட்டோ ஆல்பத்தை அங்கே வைத்தால் படங்கள் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

அறுபதைத் தாண்டியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் பரணை மறந்துவிடலாம். பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஏறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் எல்லோர் சொந்தத்திலும் ஒருவராவது இருப்பார்.

பாக்ஸ் கட்டில்: விருந்தாளி அறைக்கு மட்டும்

விற்பவர்கள் இதை "ஹைட்ராலிக்" என்பார்கள். உண்மையில் மூடியைத் தூக்கிப் பிடிப்பது குழாய்க்குள் அழுத்தி அடைத்த நைட்ரஜன் வாயு. காரின் டிக்கிக் கதவு தானாக எழும்பி நிற்கிறதே, அதே சங்கதி. இதில் கடைக்காரர் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தக் குழாயின் விசை மெத்தையின் எடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். லேசான ஃபோம் மெத்தைக்குப் பொருத்தியதன் மேல் இலவம்பஞ்சு மெத்தையைப் போட்டால் மூடி நிற்காது. கனமான மெத்தைக்குப் பொருத்தியதன் மேல் லேசானதைப் போட்டால் மூடவே முடியாது. வாயு கசிந்துவிட்டால் குழாயை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

நாங்கள் வாடகை வீட்டில் வைத்திருந்த கட்டிலில் மூன்றாம் வருஷமே ஒரு பக்கக் குழாய் போய்விட்டது. அதன்பின் நான் உள்ளே துழாவ, அவர் தலைக்கு மேல் பலகையைத் தாங்கிக்கொண்டு நிற்பார், திருவிழாவில் சப்பரம் தூக்குகிறவர் மாதிரி. வாங்கிய கடையில் அந்த மாடலே இப்போது வருவதில்லை என்று முடித்துக்கொண்டார்கள்.

பெட்டிக்குள் காற்றோட்டமும் கிடையாது. முழுசாகக் காயாத போர்வை ஒன்று உள்ளே போனால் போதும், ஐப்பசி மழையில் மொத்தமும் முக்கல் நாற்றம் அடிக்கும். பட்டுச்சேலையை அதில் வைக்கவே கூடாது. பட்டுக்குக் காற்று வேண்டும், பருத்தித் துணியில் சுற்றி வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பு விழுந்த இடத்தில் சரிகை இற்றுவிடும். தூக்கவே அலுப்பாக இருக்கும் கட்டிலுக்குள் வைத்தால் யார் மாற்றுவார்கள்?

பாக்ஸ் கட்டில் உருப்படியாக வேலை செய்யும் இடம் விருந்தாளி அறை. பவானி ஜமுக்காளம், கூடுதல் தலையணை, கொசுவலை எல்லாம் விருந்தாளி வரும்போதுதான் வேண்டும். அப்போது கட்டிலும் காலியாகத்தான் இருக்கும்.

பீரோ: கிண்டல் செய்தவள் திரும்பி வந்த கதை

கல்யாணச் சீராக வந்த பீரோவை நான் பல வருஷம் கிண்டல் செய்திருக்கிறேன். திறந்தால் கிறீச், மூடினால் டமார். அந்தச் சாம்பல் நிறம் வேறு. பூட்டு செய்து பேர் வாங்கிய கோத்ரெஜ் 1923இல் இரும்பு பீரோ செய்ய ஆரம்பித்தது. அதன்பின் யார் செய்தாலும் "கோத்ரெஜ் பீரோ"தான் என்கிற அளவுக்கு அது நம் வீடுகளில் குடியேறிவிட்டது.

ஆனால் சாமானைக் குறைக்க நினைக்கிறவருக்கு அதைவிட நல்ல கூட்டாளி இல்லை என்று இப்போது நினைக்கிறேன். காரணம் ஆழம். வார்ட்ரோபின் 2 அடி ஆழம் ஹேங்கரில் சட்டை தொங்குவதற்காகப் போட்ட கணக்கு. தோள் அகலம் உள்ளே போய்க் கதவு மூட அவ்வளவு வேண்டும். அதே ஆழத்தில் தட்டு அடித்துப் புடவை அடுக்கினால் என்ன ஆகும்? மடித்த புடவை ஓரடிதான். முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை. பின்வரிசைப் புடவை ஏணி இல்லாத பரணில் இருப்பதற்குச் சமம். பீரோவின் ஒன்றரை அடியில் ஒரு வரிசைதான் நிற்கும். திறந்ததும் எல்லாம் கண்ணுக்கு முன்னால். நிரம்பிவிட்டால் நிரம்பியதுதான், புதிது வர வேண்டுமானால் பழையது போக வேண்டும்.

வீடு மாறினால் கூடவே வரும். கரையான் சீண்டாது. துரு பிடித்தால் தேய்த்துப் பெயின்ட் அடிக்கலாம். கடைசியில் காயலான் கடைக்குப் போனாலும் கிலோ கணக்கில் காசு. பழைய பிளைவுட்டை எடுத்துப்போக நாம்தான் காசு கொடுக்க வேண்டியிருக்கும். புதிதாக வாங்குகிறவர்கள் தகட்டின் கேஜைக் கேளுங்கள், எண் சின்னதானால் தகடு தடிமன். 22ஐவிட 20 கனம்.

குறை என்றால், நீளமான அனார்கலி அதில் ஒழுங்காகத் தொங்காது. பீரோ உச்சி ஒரு குட்டிப் பரணாக மாறும் ஆபத்தும் உண்டு. எங்கள் வீட்டு பீரோ மேல் இரண்டு சூட்கேஸும் ஒரு ஹார்மோனியமும் இருந்தன. எங்கள் இருவருக்குமே ஹார்மோனியம் வாசிக்கத் தெரியாது.

வார்ட்ரோப்: சொந்த வீட்டுக்காரர் மட்டும்

வாடகை வீட்டில் சுவரோடு வார்ட்ரோப் அடிப்பது வீட்டு ஓனருக்குச் செய்யும் சீர். சொந்த வீட்டில் அடிப்பவர் கவனிக்க வேண்டியது மரம். விலை மலிவு என்று மரத்தூளை ஒட்டிச் செய்த பார்ட்டிகிள் போர்டு போட்டால், வீடு துடைக்கும் மாப் தண்ணீர் அடிப்பக்கம் ஊறி உப்பும், கீல் ஸ்க்ரூ ஒருமுறை கழன்றால் மறுபடி பிடிக்காது. தண்ணீர் படும் இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்தான் சரி. மற்ற இடங்களுக்கு அதற்குக் கீழ்த்தரமே போதும், எல்லாவற்றுக்கும் மரைன் பிளை என்பது கொஞ்சம் வீம்பு. பாத்ரூம் சுவரை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள். ஓதம் ஏறிப் பின்பலகையில் பூஞ்சை பூக்கும், துணியில் கறை விழும் வரை தெரியவே தெரியாது.

கதவு இல்லாத கடப்பாக்கல் அடுக்கையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பார்க்கப் பழைய காலம்தான். ஆனால் சமையலறையில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. திறந்து கிடப்பதால் இரண்டாவது பாக்கெட் வெந்தயம் வாங்கவே மாட்டோம்.

நான் செய்தது

எதையும் அடிப்பதற்கு முன் சாமானைக் குறைத்தேன். துணியைப் பாத்திரக்காரர் எடுத்துக்கொண்டு ஓர் எவர்சில்வர் தூக்கு கொடுத்தார், பேரம் பேசியிருந்தால் மூடியும் நன்றாகப் பொருந்துகிற தூக்காகக் கிடைத்திருக்கும். பேப்பரும் இரும்பும் எடைக்குப் போயின. போகிக்கு என்று எதையும் எடுத்து வைக்கவில்லை. 2018 போகிப் புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமானது நினைவிருக்கிறது. ஹார்மோனியம் தெருக்கோடி பஜனை மடத்தில் சந்தோஷமாக இருக்கிறது.

பிறகு ஒரு படுக்கையறையில் மட்டும் பரண், அதுவும் ஒரே சுவரில். விருந்தாளி அறையில் பாக்ஸ் கட்டில், வாயுக்குழாய் வேண்டாம் என்று இழுப்பறை வைத்தது. எங்கள் அறைக்கு 4 அடி வார்ட்ரோப், முழுக்கத் தொங்கவிட மட்டும். புடவைக்கு அதே சாம்பல் பீரோ, இப்போது பாட்டில் பச்சையில். இன்டீரியர்காரர் முகம் சுருங்கிவிட்டது.

அந்த அட்டைப்பெட்டியை இந்த முறை பிரித்தோம். கல்யாண வீடியோ வி.சி.டி. மூன்று, போட்டுப் பார்க்கக் கருவி இல்லை. முதல் வாடகை வீட்டு ஜன்னலுக்குத் தைத்த திரைச்சீலை, இங்கே எந்த ஜன்னலுக்கும் சேராது. சுருள்கம்பி போட்ட லேண்ட்லைன் போன். அம்மா கொடுத்த வெண்கல உருளி ஒன்று. அது மட்டும் சமையலறைக் கல் அடுக்கில் ஏறியது, இந்தப் பொங்கலுக்கு அதில்தான் சர்க்கரைப் பொங்கல். மற்றதெல்லாம் வெளியே போயிற்று.

காலிப் பெட்டியைத் தேடினேன். அவர் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தார். "நல்ல கெட்டி அட்டை, எதுக்காவது ஆகும்" என்றார். கதவின் உள்பக்கத் தாளில் எழுதிவிட்டேன்: அட்டைப்பெட்டி, ஒன்று, காலி.