டிகேஇன்டர் ஃபைல்டயலாக்: திறக்க நல்லது, சேமிக்கும்போது கவனம்

பைத்தானில் சின்னதாக ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் எழுதத் தொடங்குபவர்களுக்கு முதல் அரைமணி நேரம் ஜாலியாகப் போகும். ஜன்னல் வந்துவிடும், தட்டினால் எழுத்து விழும், மூடினால் அத்தனையும் காலி. அடுத்து ஃபைலைத் திறக்கவும் சேமிக்கவும் வழி தேடும்போது முதலில் கண்ணில் படுவது பைத்தானில் ஜன்னல் அமைக்கும் நூலகமான டிகேஇன்டரோடு வரும் ஃபைல்டயலாக் மாட்யூல். எனக்கு இது பிடித்திருக்கிறது, ஆனால் இதில் ஒரு பாதியைத்தான் பயன்படுத்தச் சொல்வேன்.

பிடித்த பாதி முதலில். ஆஸ்க்ஓப்பன்ஃபைல்நேம் என்று ஒரு வரி எழுதினால் போதும், விண்டோஸிலும் மேக்கிலும் அந்தந்த சிஸ்டத்தின் சொந்த டயலாக்கே திறக்கும். பயனர் ஒரு ஃபைலைத் தேர்ந்தெடுத்தால் அதன் முழுப் பாதை ஸ்ட்ரிங்காகக் கையில் வரும், அவ்வளவுதான் அதன் வேலை. கேன்சல் அடித்தால் சில சமயம் வெற்று ஸ்ட்ரிங்கும் சில சமயம் வெற்று டியூப்பிளும் வருவது ஒரு பழைய கோணல். வெற்று ஸ்ட்ரிங்கோடு ஒப்பிட்டுப் பார்க்காமல், ஏதாவது வந்ததா இல்லையா என்று மட்டும் பார்த்தால் பிரச்சினை இல்லை. சேமிப்பதற்கு ஆஸ்க்சேவ்ஆஸ்ஃபைல்நேம் இருக்கிறது. அதே ஃபைல் ஏற்கெனவே இருந்தால் அதன்மேல் எழுதட்டுமா என்று அதுவே கேட்டுக்கொள்ளும், டீஃபால்ட்எக்ஸ்டென்ஷன் கொடுத்து வைத்தால் பெயரின் பின்னொட்டையும் அதுவே சேர்த்துவிடும்.

இனி பிடிக்காத பாதி. பெயர் மட்டும் எதற்கு, ஃபைலையே திறந்து தருகிறேன் என்று ஆஸ்க்ஓப்பன்ஃபைல், ஆஸ்க்சேவ்ஆஸ்ஃபைல் என்று இரண்டு ஃபங்ஷன்கள் இருக்கின்றன. பாடம் நடத்துகிறவர்கள் ஒரு வரி மிச்சமாகிறதே என்று இவற்றைத்தான் அதிகம் காட்டுகிறார்கள். ஆனால் இவற்றுக்கு என்கோடிங் (எழுத்தை எந்த முறையில் பைட்டுகளாக்குவது என்பது) சொல்ல வழியே கிடையாது, சிஸ்டம் எதை வைத்திருக்கிறதோ அதுதான். ஆங்கிலத்தில் அமைத்த விண்டோஸில் அது பெரும்பாலும் 1252 என்ற பழைய கோட்பேஜ், அதாவது எழுத்துப் பட்டியல், அதில் தமிழ் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. எல்லா மொழிக்கும் பொதுவான என்கோடிங்கான யூடிஎஃப்-8இல் இருக்கும் தமிழ் ஃபைலை அப்படித் திறந்தால் புள்ளி வைத்த எழுத்து ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும், எரர் வந்து நின்றுவிடும். புள்ளிக்கான மூன்று பைட்டுகளில் கடைசியான 8டி, 1252இல் யாருக்கும் ஒதுக்கப்படாத இடம் என்பதுதான் காரணம். திறப்பதில் இப்படி என்றால் பரவாயில்லை, ஒன்றும் கெடவில்லை. சேமிப்பதில்தான் வயிற்றைக் கலக்குகிறது: ஆஸ்க்சேவ்ஆஸ்ஃபைல் ஃபைலை எழுதும் மோடில் திறக்கிறது, திறந்த அந்த நொடியே பழைய உள்ளடக்கம் அழிந்துவிடும், அதற்குப் பிறகுதான் நம் தமிழ் வரியை எழுதப் போய் எரர் அடிக்கும், ஆக புதியதும் இல்லை பழையதும் இல்லை, பூஜ்யம் பைட்டில் ஒரு ஃபைல் மிஞ்சும். ஆங்கிலத்தில் மட்டும் டைப் செய்து சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது. பைத்தான் 3.15இலிருந்து யூடிஎஃப்-8தான் இயல்பு என்று முடிவு செய்திருக்கிறார்கள், ஆனால் நம் எடிட்டரைப் பழைய பதிப்பில் ஓட்டுபவர்கள் இருக்கத்தானே போகிறார்கள்.

அதனால் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு, ஃபைலை நாமே என்கோடிங் சொல்லித் திறப்பதுதான் சரி. படிக்கும்போது யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால், தொடக்கத்தில் பாம் குறி (என்கோடிங்கைக் காட்டச் சில புரோகிராம்கள் வைக்கும் அடையாள பைட்டுகள்) இருக்கிற ஃபைல், இல்லாத ஃபைல் இரண்டும் ஒழுங்காக வரும். எழுதும்போது வெறும் யூடிஎஃப்-8 போதும்.

டயலாக் ஒன்றும் சொல்லித் தராத சங்கதிகள் இன்னும் உண்டு, இவை டைப் செய்யும் பெட்டியான டெக்ஸ்ட் விட்ஜெட்டின் குணம். கண்ட்ரோல்-ஓவை ஓப்பனுக்கு வைப்பது எல்லோருக்கும் தோன்றும், ஆனால் டெக்ஸ்ட் விட்ஜெட்டில் அந்தச் சாவிக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது, புதிய வரி ஒன்றைச் செருகுவது! ஷார்ட்கட்டை ரூட் எனும் முதன்மை ஜன்னலில் கட்டினால் முதலில் வரி விழும், பிறகுதான் நம் ஃபங்ஷன் ஓடும். விட்ஜெட்டிலேயே கட்டி "பிரேக்" என்று திருப்பி அனுப்ப வேண்டும். அப்புறம் அன்டூ. அதை இயக்கி வைத்துவிட்டு, ஃபைலை ஏற்றியதும் எடிட்_ரீசெட் கூப்பிடாமல் விட்டால், கண்ட்ரோல்-இசட் அடிக்கிறவர் கண்முன்னே ஃபைல் முழுவதும் மறையும். உரையை எடுக்கும்போது எண்ட் வரை எடுத்தால் விட்ஜெட் தானாகச் சேர்க்கும் கடைசி வரி முடிவும் கூடவே வரும், ஃபைலைத் திறந்து சேமிக்கும் ஒவ்வொரு முறையும் அடியில் ஒரு காலி வரி வளரும். எண்ட்-1சி என்று எழுதினால் அது நிற்கும்.

ஜன்னலை மூடும்போது "சேமிக்கவா?" என்று கேட்க ஆஸ்க்யெஸ்நோகேன்சல் இருக்கிறது, நல்ல சாமான். நோ என்றால் ஃபால்ஸ், கேன்சல் என்றால் நன். இரண்டையும் ஒரே "இஃப் நாட்"டில் போட்டால், வேண்டாம் இருக்கட்டும் என்று கேன்சல் அடித்தவரின் எழுத்து போய்விடும்.

எழுதும் நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு டிகேஇன்டரிடம் பதில் இல்லை. அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி முடித்துவிட்டு, ஓஎஸ்.ரீப்ளேஸ் வைத்துப் பழையதன் இடத்தில் மாற்றிவிடுவது நம் பொறுப்பு. க்யூட்டி என்ற இன்னொரு ஜன்னல் நூலகத்தில் 5.1 பதிப்பிலிருந்தே க்யூசேவ்ஃபைல் என்று இதற்கென ஒரு கிளாஸ் உண்டு, கமிட் சொல்லும்வரை பழைய ஃபைலைத் தொடாது. முக்கியமான எழுத்தை நம்பி வைக்கப்போகும் எடிட்டர் என்றால் நான் அந்தப் பக்கம் போவேன், நிறுவும் சுமை அதிகம் என்றாலும்.

லினக்ஸில் ஓட்டப்போகிறவர்களுக்கு ஒன்று: அங்கே டயலாக் சிஸ்டத்துடையது அல்ல, டிகேஇன்டருக்கு அடியில் இருக்கும் டிகேயே வரைவது, 1990களின் முகத்தோடு வந்து நிற்கும். வேலை செய்யும், அழகை எதிர்பார்க்காதீர்கள். உபுண்டு, டெபியனில் பைத்தான்3-டிகே பாக்கேஜைத் தனியாக நிறுவினால்தான் அதுவும் வரும்.