வீட்டு ஸ்கேனரில் காகிதத்தின் வெள்ளை: சில வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

யூஎஸ்பி வயரிலேயே கரண்ட் எடுத்துக்கொள்ளும் மெல்லிய பிளாட்பெட் ஸ்கேனர் ஒன்று சில வருடங்களாக வீட்டில் இருக்கிறது. வீட்டுப் பத்திரம், மார்க்‌ஷீட், வரி ரசீது எல்லாம் அதில்தான். எழுத்து பளிச்சென்று விழும். தகராறு முழுக்கத் தாளின் வெள்ளையில்தான். ஒரு பக்கம் சாம்பல், அடுத்தது லேசான நீலம், மூன்றாவது புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி.

இதற்குப் பெரும்பாலும் காரணம் மென்பொருளில் இருக்கும் ‘ஆட்டோ’ திருத்தம். ஒவ்வொரு பக்கத்தையும் தனியாகப் பார்த்து, அதில் அதிக வெளிச்சமான இடம்தான் வெள்ளை என்று அதுவே முடிவு கட்டிவிடும். பத்திரம் எழுதும் பச்சைத் தாளில் பச்சை போய்விடும், வெளிறிய சீல் பாதி காணாமல் போகும். நான் அதை அணைத்துவிட்டு, 300 டிபிஐ கலரில் நாப்ஸ்2 என்ற ஸ்கேன் மென்பொருள் வழியாக எடுக்கிறேன். இலவசம், விளம்பரத் தொல்லை கிடையாது. இப்படி எடுத்தால் சாதாரண ஏ4 தாள் கொஞ்சம் மங்கலாகத்தான் வரும். வரட்டும். மங்கலை ஏற்றிக்கொள்ளலாம், வெளுத்துப் போனதை மீட்க முடியாது.

ஜெராக்ஸ் தாளில் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பித் தருவது அதன் வேலை. ஜன்னலோரம் தாள் பளீரென்று இருப்பது அதனால்தான். இந்த மெல்லிய ஸ்கேனர்களில் சிவப்பு, பச்சை, நீல எல்இடிகள் மாறி மாறி எரியும், புற ஊதா அநேகமாக இல்லை. ஆகவே கையில் பார்க்கும் வெள்ளை திரையில் வராது. அது ஸ்கேனரின் கோளாறு அல்ல.

மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து நிழலாடும். மூடியின் உட்புறம் வெள்ளையாக இருப்பதுதான் காரணம். தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்பு சார்ட் அட்டை வைத்தால் போதும். பக்கம் முழுவதும் ஒரே சீராகக் கொஞ்சம் இருட்டும், அதைப் பிறகு சரி செய்துகொள்ளலாம்.

சரி செய்வது கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில். ‘லெவல்ஸ்’ திறந்தால் ஹிஸ்டோகிராமில், அதாவது இருட்டு இடமும் வெளிச்சம் வலமுமாகக் காட்டும் வரைபடத்தில், வலது பக்கம் ஒரு மேடு தெரியும், அதுதான் தாள். வெள்ளை முனையை இடப்புறம் நகர்த்தி, தாளின் மதிப்பு (0 கறுப்பு, 255 முழு வெள்ளை) 245 பக்கம் வந்ததும் நிறுத்திவிடுவேன். 255 வரை தள்ளினால் பென்சில் குறிப்பும் மங்கிய கையெழுத்தும் கரைந்துவிடும். வெள்ளைத் தாளில் நீலமோ மஞ்சளோ ஏறியிருந்தால், லெவல்ஸிலேயே இருக்கும் வெள்ளைக்கான சொட்டான் குழாயைத் (ஐட்ராப்பர்) தாளின் வெற்றிடத்தில் ஒரு தட்டு தட்டினால் மூன்று நிறமும் சமமாகிவிடும். பழைய பத்திரத்தில் மட்டும் அதைத் தொடவே கூடாது. அங்கே பழுப்பும் பச்சையும் ஆவணத்தோடு சேர்ந்தவை. மூன்று நிறத்தையும் சேர்த்தே நகர்த்தும் ‘வேல்யூ’வை மட்டும் ஏற்றினால் நிறம் தங்கும். திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் போட்டிருந்தால் முதலில் அணைத்துவிடுங்கள். நான் கண்ணை நம்புவதில்லை, தொட்ட இடத்தின் நிற மதிப்பைச் சொல்லும் கலர் பிக்கர் காட்டும் எண்ணைத்தான் பார்க்கிறேன்.

ஒரு ஓரம் மட்டும் இருட்டினால், புதுத் தாள் ஒன்றை ஸ்கேன் செய்து, அதையே தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொரு முறை எடுங்கள். இருட்டு அதே ஓரத்தில் நின்றால் ஸ்கேனர், இடம் மாறினால் தாள். நீளவாக்கில் ஒரே கோடு எல்லாப் பக்கத்திலும் வந்தால் சென்சாரிலோ, ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன் அது தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும் வெள்ளைப் பட்டையிலோ தூசி இருக்கலாம்.

தடித்த புத்தகத்துக்கு இந்த வகை ஸ்கேனர் லாயக்கில்லை. கண்ணாடியை விட்டுத் தாள் சற்று எழும்பினாலே மடிப்போரம் கறுத்து எழுத்தும் மங்கிவிடும். லென்ஸ் வழியாகப் படம் பிடிக்கும் சிசிடி வகை ஸ்கேனர்தான் அதற்குத் தோது. அது பருமன், விலையும் கூடுதல். நம் வீட்டுக் காகிதங்களுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை.

அப்புறம், பத்திரம் போன்றவற்றுக்குத் திருத்தாத மூல ஸ்கேனை டிஃப் (TIFF) கோப்பாகத் தனி ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். விண்ணப்பத் தளங்களில் ஏற்றுவது வெளுப்பேற்றிய பிடிஎஃப். பின்னணியின் புள்ளி புள்ளியான சாம்பல் போய்விடுவதால் கோப்பும் சுருங்குகிறது, 200 கேபிக்குள் கேட்டாலும் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.