ஆக்ஸ்ஃபர்டில் ஆற்றோர பப்: ட்ரவுட்டா, பெர்ச்சா?

ஆக்ஸ்ஃபர்டுக்கு ஒருநாள் சுற்றிப்பார்க்க வரும் நம்மவர்கள் கல்லூரிகளையும் நூலகத்தையும் பார்த்து முடித்ததும் கேட்பது ஒன்றுதான்: "ஆத்தோரமா ஒரு நல்ல பப்ல சாப்பிடணும், எங்க போகலாம்?" உள்ளூரில் யாரைக் கேட்டாலும் இரண்டு பெயர்கள் வரும். ஒன்று வுல்வர்கோட்டில் இருக்கும் ட்ரவுட். இன்னொன்று பின்ஸி கிராமத்து பெர்ச். இரண்டுக்கும் நடுவே ஆற்றங்கரையில் நடந்தால் அரைமணி நேரம்தான். ஆனால் ஒன்றில் கிடைப்பது மற்றதில் கிடைக்காது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆற்றைப் பார்க்க ட்ரவுட். உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட, பேச, பிள்ளைகளை ஓடவிட பெர்ச். ஓரிடத்துக்கு மட்டும்தான் நேரம் இருக்கிறது என்றால் பெர்ச்சுக்குப் போங்கள்.

நகரத்தின் வடமேற்கு ஓரத்தில் போர்ட் மெடோ என்ற பெரிய மேய்ச்சல் வெளி இருக்கிறது. ஏர் படாத நிலம். இங்கிலாந்தின் நிலங்களைக் கணக்கெடுத்து எழுதிய 1086ஆம் ஆண்டு டூம்ஸ்டே ஏட்டிலேயே இதைப் பற்றிய குறிப்பு உண்டு. இன்றும் குதிரைகளும் மாடுகளும் அங்கே தம் பாட்டுக்கு மேய்கின்றன. அந்த வெளியின் மேற்கு விளிம்பை ஒட்டித் தேம்ஸ் ஓடுகிறது. பெர்ச் ஆற்றுக்கு அந்தப் பக்கம், மேற்குக் கரையில். ட்ரவுட் வடக்கே, காட்ஸ்டோ பாலத்தை ஒட்டி.

ட்ரவுட்டின் பலமே தண்ணீர்தான். பதினேழாம் நூற்றாண்டுக் கல் கட்டடம். அதன் முன்னால் கல் பாவிய முற்றம், முற்றத்தை ஒட்டியே ஆறு. பக்கத்துத் தடுப்பணையில் நீர் விழும் இரைச்சல் பேச்சுக்கு நடுவே கேட்டுக்கொண்டே இருக்கும். சுவரோரம் நின்று குனிந்து பார்த்தால், கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த சப் மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து அசையாமல் நிற்பது தெரியும். பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகரமாட்டார்கள். நகரத்துக்கு இவ்வளவு அருகில், கையில் கிளாஸோடு ஆற்றை இத்தனை பக்கத்தில் பார்க்கும் இடம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பாலத்தைக் கடந்து இரண்டு நிமிடம் நடந்தால் காட்ஸ்டோ கன்னிமாடத்தின் இடிந்த சுவர்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டிய மடம் அது. இரண்டாம் ஹென்றி அரசரின் காதலி ரோஸமண்ட் கிளிஃபோர்டைப் புதைத்தது இங்கேதான். 1539இல் எட்டாம் ஹென்றி காலத்தில் மடத்தைக் கலைத்தார்கள். நுழைவுக்கட்டணம் இல்லை, காவலும் இல்லை. சாப்பாட்டுக்கு முன்னால் பசியைக் கூட்ட நல்ல நடை.

ஆனால் இவ்வளவு அழகான முற்றத்துக்குக் கூட்டமும் அதற்கேற்றபடிதான் வரும். வெயில் அடிக்கும் சனி, ஞாயிறு மதியங்களில் ஆற்றோர மேஜை கிடைப்பது அதிர்ஷ்டம். நாடு முழுக்க ஏராளமான பப்களை நடத்தும் மிட்செல்ஸ் அண்ட் பட்லர்ஸ் நிறுவனத்தின் கையில் இது இருக்கிறது. அதில் ஒரு வசதி உண்டு: பெரிய சமையலறை, இணையத்தில் முன்பதிவு, எல்லோருக்கும் ஏதாவது ஒன்று கிடைக்கும் மெனு. பத்துப் பேர் சேர்ந்து போகும் பிறந்தநாள் சாப்பாட்டுக்கு இது சரியான இடம். அந்த ஊருக்கே உரிய சாப்பாடு வேண்டும் என்று தேடிப்போகிறவர்களுக்கு மெனு கொஞ்சம் பொதுவாகத் தெரியலாம்.

பெர்ச்சில் மேஜையிலிருந்து ஆறு தெரியாது. இதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் போய்ச் சேர்ந்ததும் முகம் வாடிவிடும். ஆற்றுப் பாதையிலிருந்து ஒரு சின்ன ஒற்றையடிப் பாதை வழியே உள்ளே வந்தால் பெரிய தோட்டம், வில்லோ மரங்கள், மர மேஜைகள், பின்னால் வைக்கோல் வேய்ந்த கூரையோடு பழைய வீடு. அந்தக் கூரை 1977இலும் 2007இலும் தீப்பிடித்து எரிந்தது. இரண்டு முறையும் திரும்ப வேய்ந்து, பழையபடி எழுப்பி நிறுத்தினார்கள். ஓட்டுக்கூரைக்கு மாறியிருந்தால் செலவு மிச்சம்தான். அப்படி மாறாமல் இருந்ததற்காகவே எனக்கு அந்த இடத்தின் மேல் ஒரு மரியாதை.

பின்ஸி மிகச் சின்ன ஊர், பெரும்பகுதி கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக்குச் சொந்தம். போக்குவரத்துச் சத்தம் அநேகமாக இல்லை. பப்பைத் தாண்டி ஒரு கிராமத்துச் சாலையில் போனால் புனித மார்கரெட் தேவாலயம். அதன் பக்கத்தில் இருக்கும் கிணற்றுக்குக் கண் நோய் தீரும் என்று நம்பி அந்தக் காலத்தில் யாத்திரிகர்கள் வந்தார்கள். சாப்பிட்ட பிறகு அங்கே நடந்துவிட்டு வரலாம். பெர்ச்சின் மதியம் நீளமானது. யாரும் மேஜையைக் கேட்டு நிற்காத வாரநாளில் போனால் அதன் அருமை புரியும்.

குடிப்பதில் இரண்டு இடத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கைப்பம்பால் இழுத்துத் தரும் ஏல் என்ற பாரம்பரிய பீர் இரண்டிலும் கிடைக்கும். பல் கூசும் குளிர்ச்சியும் நுரைத்துப் பொங்கும் காற்றும் எதிர்பார்த்துப் போனால் முதல் வாயில் ஏமாற்றமாக இருக்கும். ஏலை 11 முதல் 13 டிகிரி வரை வைத்துத்தான் ஊற்றுவார்கள். அந்தச் சூட்டில்தான் மால்ட்டின் சுவையும் ஹாப்ஸின் கசப்பும் நாக்குக்குத் தெரியும். ஒரு பைன்ட் 568 மில்லி. அத்தனை வேண்டாம் என்றால் அரை பைன்ட் கேளுங்கள், யாரும் ஒரு மாதிரி பார்க்கமாட்டார்கள். மூன்றில் ஒரு பங்கும் சட்டப்படி அளவுதான், இரண்டு மூன்று வகையை ருசி பார்க்க அதுதான் வசதி. குடிக்காதவர்களுக்கு ஜிஞ்சர் பியர், எல்டர்ஃப்ளவர் பூவில் செய்த பானம், ஆல்கஹால் இல்லாத பீர் என்று இப்போது நிறையவே இருக்கிறது. பாரில் ஆர்டர் செய்தால் டிப்ஸ் கட்டாயமில்லை. மேஜைக்கு வந்து பரிமாறினால் பில்லில் சேவைக்கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் வீட்டாரோடு போகிறவர்கள் கொஞ்சம் விழிப்பாக இருக்க வேண்டும். ஆற்றோர பப்புக்குப் போவதே பாதிப் பேருக்கு ஞாயிறு ரோஸ்ட்டுக்காகத்தான்: சுட்ட இறைச்சி, உருளைக்கிழங்கு, காய்கறி, யார்க்‌ஷயர் புட்டிங் (இனிப்பல்ல, முட்டை மாவில் சுட்ட பண்டம்), மேலே இறைச்சிச் சாற்றுக் கிரேவி. காய்கறி ரோஸ்ட் என்று தனியாகவும் போட்டிருப்பார்கள். ஆனால் பல சமையலறைகளில் உருளைக்கிழங்கை வாத்துக் கொழுப்பிலோ மாட்டுக் கொழுப்பிலோ வறுப்பார்கள், யார்க்‌ஷயர் புட்டிங்கைச் சுடுவதும் அப்படியே. சில இடங்களில் சிப்ஸும் (நீளவாக்கில் வெட்டிய உருளைக்கிழங்கு) மாட்டுக் கொழுப்பில்தான் பொரியும். ஒவ்வாமை தரும் 14 பொருள்கள் எந்தெந்த உணவில் இருக்கின்றன என்று கேட்பவருக்குச் சொல்ல வேண்டும் என்பது இங்கே சட்டம். மாட்டிறைச்சி அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் ஒவ்வாமை அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்தியடையாதீர்கள். "எதில் வறுக்கிறீர்கள், கிரேவி எதில் செய்தது?" என்று வாய்விட்டே கேளுங்கள். கேட்டால் மரியாதையாகவே பதில் சொல்வார்கள். மாமியாரையோ அம்மாவையோ கூட்டிப்போகும்போது இந்த ஒரு கேள்வி அந்த நாளையே காப்பாற்றும்.

இன்னொன்று, ஞாயிறு ரோஸ்ட் தீர்ந்துபோகும் பண்டம். மாலையில் சமையலறையைச் சீக்கிரமே மூடுவதும் வழக்கம். ஒரு மணிக்கு முன்பதிவு செய்துகொள்வது நல்லது.

பிள்ளைகளைக் கூட்டிப்போகத் தயங்க வேண்டாம், பெரியவர்களோடு வரும் பிள்ளைகளுக்கு இரண்டு இடத்திலும் வரவேற்பு உண்டு. ஆனால் ட்ரவுட்டில் முற்றத்தின் ஓரம் நேராக ஆறு. நடக்கப் பழகும் குழந்தை என்றால் ஒரு பெரியவர் சாப்பிடாமல் பின்னாலேயே அலைய வேண்டிவரும். பெர்ச் தோட்டத்தில் அந்தக் கவலை இல்லை. நான் பெர்ச் பக்கம் சாய்வதற்கு இது முக்கியமான காரணம். வழியில் போர்ட் மெடோ பக்கம் பிள்ளைகள் ஆற்றில் இறங்கக் கேட்பார்கள். வுல்வர்கோட் நீரோடைப் பகுதி 2022இல் அதிகாரபூர்வக் குளிக்கும் நீர்நிலையாக அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டே பரிசோதனையில் 'மோசம்' என்ற தரம்தான் கிடைத்தது. அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

காரில் போனால் ஓட்டுகிறவர் குடிக்கக் கூடாது. இங்கிலாந்தில் வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 80 மில்லிகிராம் ஆல்கஹால். யாருக்கு எத்தனை கிளாஸில் அந்த அளவு வரும் என்று கணக்குப் போடவே முடியாது. அதுவும் போக, நடந்து போவதில்தான் இந்த இரண்டு இடங்களின் சுகமே இருக்கிறது. குளிர்காலத்தில் மட்டும் கவனம். போர்ட் மெடோவில் வெள்ளம் ஏறி ஏரியாகிவிடும், ஆற்றுப் பாதை சேறும் சகதியுமாக இருக்கும். டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டு. அந்த மாதங்களில் நடையை விட்டுவிட்டு ட்ரவுட்டுக்குப் பஸ்ஸில் போங்கள். உள்ளே கணப்படுப்பு எரியும், வெளியே பெருக்கெடுத்த ஆறு தடுப்பணையில் பாயும். அந்தக் காலத்துக்கு மட்டும் என் தீர்ப்பு ட்ரவுட் பக்கம்.

நகருக்குத் தெற்கே இஃப்லி பக்கம் ஐசிஸ் ஃபார்ம்ஹவுஸ் என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. கார்ச்சாலை இல்லாத ஆற்றங்கரை, நடந்தோ சைக்கிளிலோ படகிலோதான் போக முடியும். இடம் அருமை. ஆனால் திறக்கும் நேரத்தை அன்றே பார்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும், முழுச் சாப்பாட்டுக்கு நான் அதை நம்பிப் போகமாட்டேன்.

மே முதல் செப்டம்பர் வரை நாள் முழுக்க கையில் இருக்கிறதா? அப்படியானால் இரண்டையுமே பார்த்துவிடலாம். ஆக்ஸ்ஃபர்டின் ஜெரிக்கோ பகுதியில் இருக்கும் வால்டன் வெல் சாலை வழியே போர்ட் மெடோவில் இறங்கி, மெட்லி நடைபாலத்தைக் கடந்து பெர்ச்சில் மதியச் சாப்பாடு. அப்புறம் ஆற்றோடு வடக்கே நடந்து, நீர்மட்டத்தை மாற்றிப் படகுகளைக் கடத்திவிடும் காட்ஸ்டோ லாக்கில் அவை ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்து, கன்னிமாடத்தின் வழியே ட்ரவுட்டில் மாலை ஒரு கிளாஸ். சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து இரவுக் கூட்டம் வரும் முன் நான்கு, ஐந்து மணிவாக்கில் சேர்ந்தால் ஆற்றோர மேஜை கிடைக்க வாய்ப்பு அதிகம். திரும்பி நடக்கக் கால் வலித்தால், வுல்வர்கோட் ஊருக்குள் போய் நகரத்துக்குப் பஸ் பிடித்துவிடலாம்.