இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே ஒரு மணிக்கட்டு

மாமாவின் வாட்ச் என் கைக்கு வந்து நாலு வருஷமாகிறது. சாவி கொடுக்கிற வாட்ச். குறுக்களவு 34 மில்லிமீட்டர், கண்ணாடியோடு சேர்த்தும் உயரம் 9 மில்லிமீட்டரைத் தாண்டாது. தினமும் ஒரு நிமிஷம் முந்தும், முந்தட்டும். என்னைப் படுத்தியதெல்லாம் ஸ்ட்ராப்தான். அதோடு வந்த தோல் ஸ்ட்ராப் மடிப்பில் வெடித்து, வியர்வை குடித்துக் கறுத்துப் போயிருந்தது. வரிசையாக இருந்த ஓட்டைகளில் இரண்டுக்கு நடுவே, கோணலாக, ஆணியால் குத்தியது போல இன்னொரு ஓட்டை. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன்.

முதலில் அளவில் ஏமாந்தேன். பழைய ஆண்கள் வாட்ச் என்றால் 18 மில்லிமீட்டர்தான் என்று யாரோ சொன்னதை நம்பி, அளக்காமலே வாங்கினேன். ஸ்ட்ராப் மாட்டும் இரண்டு காதுகளுக்கும் இடையில் என் வாட்ச்சில் இருந்தது 17. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோல் ஸ்ட்ராப்பைத் திணித்தால், ஓரம் நசுங்கி, காது உரசுகிற இடத்தில் ஒரு மாதத்தில் நார் நாராக வந்துவிட்டது. 16 போட்டால் பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் இடைவெளி விழுந்து, ஸ்ட்ராப் அங்குமிங்கும் நகர்கிறது. பழைய வாட்ச்களில் 17, 19 என்று ஒற்றைப்படை அளவுகள் சகஜம். பள்ளிக்கூட ஸ்கேல் போதாது, காலிபர் வைத்து அளந்துகொள்ளுங்கள். அளக்கும்போதே இன்னொன்றும் பாருங்கள். மிகப் பழைய சில வாட்ச்களில் ஸ்ட்ராப்பைப் பிடித்திருக்கும் கம்பியைக் காதோடு பற்றவைத்திருப்பார்கள், கழற்ற வராது. அதற்குக் கம்பிக்கு அடியில் நுழைத்துக் கட்டுகிற ஒற்றை நீள ஸ்ட்ராப்தான் சரிப்படும்.

அடுத்து இழுத்தால் விரிகிற எலாஸ்டிக் செயின் போட்டுப் பார்த்தேன். மாட்டவும் கழற்றவும் அதைப் போல வசதி எதிலும் இல்லை. ஆனால் கழற்றும்போதெல்லாம் கைமுடி நாலைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் காதுகளின் உட்புறத்தில் இரண்டு பக்கமும் செயின் முனை அரைத்த தடம். வாட்ச்சின் பழைய உலோகக் கூட்டில் விழுந்த கோடு விழுந்ததுதான். பாலிஷ் போட்டால் போய்விடும் என்பார்கள். கோட்டோடு சேர்த்துக் காதின் கூர்மையும் போய்விடும்.

அப்புறம் பஞ்சு வைத்துத் தைத்த தடித்த தோல். தொட்டால் மெத்தை மாதிரி இருந்தது. ஆனால் வாட்ச் பக்கத்தில் அதன் தடிமன் 4 மில்லிமீட்டருக்கு மேல். மெலிந்த வாட்ச் அதற்குள் புதைந்துபோனது. மேசையில் கையை வைத்தால் பக்கிள்தான் முதலில் இடிக்கும். வெயில் நாட்களில் உட்பக்கம் காயவே இல்லை, சீக்கிரமே நாற்றமும் எடுத்தது. மென்மையாக இருந்தால் சுகமாக இருக்கும் என்ற என் கணக்கு அங்கேதான் பொய்த்தது. சிலிக்கோன் ரப்பர் ஸ்ட்ராப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: தூசியையும் பஞ்சையும் இழுக்கிறது, அடியில் வியர்வை தேங்குகிறது, பழைய டயலோடு கொஞ்சமும் ஒட்டவில்லை.

நேட்டோ ஸ்ட்ராப்புக்குப் பெயர் பெரிது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் 1973-இல் தரம் வகுத்துக் கொடுத்த, 20 மில்லிமீட்டர் அகலச் சாம்பல் நிற நைலான் பட்டைதான் இதன் மூலம். எனக்குக் கிடைத்தது 18. நைலான் என்பதால் மடங்கி உள்ளே போனது. வாட்ச்சுக்கு அடியில் இரண்டு அடுக்காகப் போவதால், மெல்லிய வாட்ச் ஸ்டூல் மேல் ஏறி நின்றது போல இருந்தது. ஆனாலும் அதற்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஒரு நாள் மாடிப்படியில் 'டிக்' என்று ஒரு சத்தம். ஸ்ட்ராப்பைக் காதுகளில் பிடிக்கும் ஸ்பிரிங் பின்களில் ஒன்று துருப்பிடித்து முறிந்திருந்தது. இரண்டு பின்னுக்கும் அடியில் ஓடுகிற ஒரே நீளப் பட்டை என்பதால், வாட்ச் இன்னொரு பின்னில் தொங்கியது, விழவில்லை. தோல் ஸ்ட்ராப்பாக இருந்திருந்தால் அன்றோடு கண்ணாடி போயிருக்கும். அன்றிலிருந்து ஸ்ட்ராப் மாற்றினால் பின்னையும் சேர்த்து மாற்றிவிடுகிறேன். மாற்றும்போது காதுகள் மேல் டேப் ஒட்டிவிட்டு, கீழே ஒரு துண்டை விரித்துக்கொள்வேன். கருவி வழுக்கினால் கோடு விழும். பின் தெறித்தால் கட்டிலுக்கு அடியில்தான் தேட வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் உண்மையான பிரச்சினை பிடிபட்டது. காலையில் சரியாக இருக்கும் ஓட்டை மதியம் இறுக்குகிறது, ஏனென்றால் வெயிலில் மணிக்கட்டு கொஞ்சம் வீங்குகிறது. அடுத்த ஓட்டைக்குப் போனால் தொளதொளவென்று வாட்ச் எலும்புப் பக்கம் சரிகிறது. ஓட்டைகளுக்கு இடையில் 6, 7 மில்லிமீட்டர் இருக்கும். என் கை சரியாக அந்த நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

இதற்கு வழி செய்தது பெர்லான் ஸ்ட்ராப். ஜெர்மனியில் பால் ஷ்லாக் 1938-இல் உருவாக்கிய 'நைலான் 6' என்ற வகை இழையின் வணிகப் பெயர் பெர்லான். இழைகளைப் பாய் போலப் பின்னியிருப்பதால் ஓட்டையே கிடையாது. பக்கிள் முள்ளைப் பின்னலில் எங்கே வேண்டுமானாலும் குத்தலாம். மதியம் அரை சென்டிமீட்டர் தளர்த்திவிட்டு, சாயங்காலம் திரும்ப இழுத்துக்கொள்கிறேன். வாட்ச்சுக்கு அடியில் ஒரே அடுக்கு, அதுவும் மெலிசு. 18 அளவு வாங்கினாலும் 17-இல் சுருங்கி உட்கார்ந்துவிடுகிறது. வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் அலசி மின்விசிறிக்கடியில் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். வாட்ச்சைக் கழற்றிவிட்டுத்தான் அலச வேண்டும். தண்ணீர் புகாமல் தடுக்கும் அதன் பழைய ரப்பர் வளையத்தை நான் நம்புவதில்லை.

குறையும் உண்டு. முதல் வாரம் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். வெட்டிய முனையைச் சரியாக உருக்காத பட்டை தோலைச் சுரண்டும். முள் ஒரே இடத்தில் ஏறி இறங்கினால் ஏழெட்டு மாதத்தில் இழை பிரிகிறது. இப்போது மூன்றாவது பட்டை ஓடுகிறது. முழுக்கைச் சட்டையோடு பார்த்தால் கொஞ்சம் விளையாட்டுத்தனமாகவும் தெரியும். அதனால் விசேஷ நாட்களுக்கு என்று 2 மில்லிமீட்டர் தடிமனில், பஞ்சு வைக்காத தோல் ஸ்ட்ராப் ஒன்றைச் சரியாக 17-இல் செய்து வாங்கினேன். மெலிந்த வாட்ச்சுக்கு மெலிந்த தோல் பார்க்கவும் அழகு, கையிலும் பாரமில்லை.

ஆனால் ஓட்டைப் பிரச்சினை அதிலும் விடவில்லை. மூன்றாவது இறுக்கம், நாலாவது தொளதொள. போன மாதம் துளை போடும் கருவியை எடுத்து, எங்கே குத்துவது என்று பார்க்க டப்பாவிலிருந்த மாமாவின் பழைய ஸ்ட்ராப்பைப் பக்கத்தில் வைத்து அளந்தேன். அவர் குத்தியதும் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில்தான். அதே இடத்தில் குத்தினேன். என்னுடையதும் கொஞ்சம் கோணல்தான்.