ஆறு வார ஆன்லைன் கோர்ஸ், அதுல ஒரு வாரம் மட்டும் மறக்க முடியாது

மனிதப் பாதுகாப்பும் உலக அரசியலும்னு தலைப்பு. நேத்துதான் முடிஞ்சுது, சூட்டோட எழுதிடறேன். யாரு நடத்துனாங்கன்னு சொல்லல, ஏன்னா கொஞ்சம் திட்டவும் போறேன்.

முதல் ரெண்டு வாரம் சத்தியமா தூக்கம்தான். 1994ல ஐ.நா. வளர்ச்சித் திட்டம் போட்ட மனித மேம்பாட்டு அறிக்கை, மஹ்பூப் உல் ஹக் தலைமையில வந்தது, நாட்டு எல்லையை மட்டும் காவல் காத்தா போதாது உள்ள இருக்குற ஆளோட சோறு, வேலை, உடம்பு, உயிர் எல்லாமே பாதுகாப்புக் கணக்குல வரணும்னு சொன்னது பெரிய விஷயம்தான், ஆனா அதுல வர்ற ஏழு வகையையும் ஸ்லைடு போட்டு ஒண்ணொண்ணா வாசிச்சுட்டே போனா யாரு முழிச்சிருப்பா? குவிஸ்லயும் அதே ஏழை வரிசையா அடுக்கச் சொல்றாங்க. ஒண்ணு மாத்திப் போட்டேன், மார்க் போச்சு.

நாலாவது வாரம்தான் குடுத்த காசு வசூல். பதினஞ்சு பேரை ஐ.நா. பாதுகாப்புச் சபையா உட்கார வச்சு, 1994 ஏப்ரல், ஆப்பிரிக்காவுல ருவாண்டா படுகொலை நடக்குது, அங்க இருக்குற ஐ.நா. அமைதிப்படையை என்ன பண்றதுன்னு இப்ப முடிவெடுங்கன்னுட்டாங்க. ஆளுக்கொரு நாடு. எனக்கு வந்தது ருவாண்டாவே! அந்த வருஷம் அவங்களும் சபையில உறுப்பினர்ங்கறதே அன்னிக்குத்தான் தெரியும். அங்க கொலையை நடத்துற அரசாங்கத்தோட ஆளு, இங்க அதே மேஜையில உட்கார்ந்து யாரு என்ன யோசிக்கிறாங்கன்னு கேட்டுட்டு இருந்திருக்காரு. 'இது உள்நாட்டுச் சண்டை, போர்நிறுத்தம் வேணும்'னு நான் வாசிச்சப்ப எனக்கே குரல் கம்மிடுச்சு. முன்னாடி மூணு ஆப்ஷன்: படையைப் பெருசாக்கு, 270 பேரா குறைச்சுடு, மொத்தமா கிளம்பு. பெரிய நாடு ரோல் வாங்குனவங்க 'எங்க ஆளை அனுப்ப மாட்டோம்'னதும் மத்தவங்க பேச்சு அடங்கிப்போச்சு, 270க்கு கை தூக்கிட்டோம். அப்புறம்தான் சார் தீர்மானம் 912ஐ ஸ்கிரீன்ல போட்டாரு. நிஜ சபையும் அதையேதான் செஞ்சிருக்கு.

இதுக்கப்புறம் சூடு பிடிக்கும்னு பார்த்தா, லிபியாவுக்கும் சிரியாவுக்கும் சேர்த்து பத்தே நிமிஷம். 2011 மார்ச்ல, லிபியாவுல மக்களைக் காப்பாத்த படைபலத்தைப் பயன்படுத்தலாம்ங்கற தீர்மானம் 10 ஓட்டுல பாஸாகுது, ரஷ்யாவும் சீனாவும் ஓட்டுப் போடாம ஒதுங்குறாங்க. அதே வருஷம் அக்டோபர்ல சிரியா பத்தின தீர்மானம்னதும் ரெண்டு பேரும் வீட்டோ போட்டுத் தடுத்துட்டாங்க. லிபியாவுல மக்களைக் காப்பாத்தறோம்னு மேற்கு நாடுகள் போயி ஆட்சியையே கவுத்ததுதான் ரஷ்யா சொன்ன காரணம், அதை உட்கார்ந்து பேச வேணாமா? அதவிட எரிச்சல், மனிதப் பாதுகாப்பையும் 'பாதுகாக்கும் பொறுப்பு'ங்கற கொள்கையையும் (இனப்படுகொலை மாதிரி கொடுமைல இருந்து ஒரு நாடு தன் மக்களைக் காப்பாத்தலன்னா உலக நாடுகள் தலையிடணும்ங்கறது) சார் ஒண்ணாவே போட்டுக் குழப்பிட்டாரு. அது வேற இது வேறன்னு 2012லயே ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டிருக்கு, மனிதப் பாதுகாப்புல படைபலத்துக்கு வேலையே இல்லன்னும் அதுல இருக்கு. சாட்ல கேட்டேன், 'அடுத்த கிளாஸ்ல பார்ப்போம்'னாரு. பார்க்கல.

சப்டைட்டில் படுமோசம். அஞ்சுக்கு மூணு ஸ்டார், அந்த மூணும் நாலாவது வாரத்துக்கு. சேர்றவங்க ஒண்ணு கவனிங்க, அந்த கிளாஸ் மட்டும் ரெக்கார்டிங் கிடையாது, லீவு போட்டாவது லைவ்ல உட்காருங்க.